பத்து வருடமாக அப்டேட் செய்யாத வேர்ட்பிரஸ் தளத்தை எப்படிப் புதுப்பிப்பது?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டுரைத் தளம் வேர்ட்பிரஸ் 4.1-இல் நிற்கிறது. சர்வரில் பிஎச்பி 5.6 (வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி) ஓடுகிறது. தளத்தை அமைத்துக் கொடுத்தவர் தொடர்பில் இல்லை. பழைய பிஎச்பியை நிறுத்தப்போவதாக ஹோஸ்டிங் நிறுவனம் இப்போது மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. டாஷ்போர்டில் தெரியும் அப்டேட் பொத்தானை நேரடியாக அழுத்தலாமா, இல்லை 4.2, 4.3 என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் “1,500 கட்டுரைகள் இருக்கின்றன, ஒன்றுகூடப் போய்விடக் கூடாது” என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பொத்தானைப் பற்றி முதலில். வேர்ட்பிரஸ் மையநிரல், அதாவது வேர்ட்பிரஸின் அடிப்படை நிரல், பல பதிப்புகளை ஒரே தாவலில் தாண்டக்கூடியது. தரவுத்தளம் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று ஒரு எண்ணைத் தனக்குள் குறித்து வைத்திருக்கும். புதிய பதிப்பு வந்ததும் அந்த எண்ணைப் பார்த்து, இடையில் விடுபட்ட மாற்றங்கள் அனைத்தையும் வரிசையாகச் செய்துகொள்ளும். ஆகவே 4.2, 4.3 என்று ஒவ்வொன்றாக ஏறத் தேவையில்லை. இதை உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் இது மையநிரலுக்கு மட்டும்தான். பழைய தளங்கள் உடைந்து நான் பார்த்தவரை, மையநிரலால் உடைந்தவை மிகக் குறைவு. பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்), தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புகள்), சர்வர் ஆகியவற்றில்தான் உடையும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு நகலில் செய்து பாருங்கள்.

நகல் எடுப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தளத்துக்குள் ஏற்கெனவே யாராவது புகுந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இத்தனை வருடம் தொடாமல் கிடந்த தளத்தில் இது வீண் பயம் இல்லை. 2014 அக்டோபர் 15-ஆம் தேதி, வேர்ட்பிரஸ் போலத் தளம் நடத்தும் இன்னொரு மென்பொருளான ட்ரூபல் 7-இல் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. ஏழு மணி நேரத்துக்குள் அதை அடைக்காத தளங்கள் எல்லாம் பறிபோய்விட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே பின்னர் அறிவித்தது. வேர்ட்பிரஸ் பக்கம் 2011-இல் டிம்தம்ப் என்ற படம் சுருக்கும் நிரலில் ஓட்டை தெரியவந்தது. அந்த ஒரே கோப்பு எண்ணற்ற தீம்களுக்குள் வைத்துக் கொடுக்கப்பட்டிருந்ததால், தங்கள் தளத்தில் அது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. புகுந்தவர்கள் பெரும்பாலும் தளத்தைக் கெடுக்க மாட்டார்கள். திரும்ப வருவதற்கு ஒரு சிறிய கோப்பை எங்காவது ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள். அப்டேட் செய்தால் மையநிரலின் கோப்புகள் மட்டும்தான் புதிதாகும். படங்கள் ஏற்றும் ‘அப்லோட்ஸ்’ கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் கோப்பு அப்படியே இருக்கும். அந்தக் கோப்புறையில் படங்களும் பிடிஎஃப்களும் மட்டும்தான் இருக்க வேண்டும். அங்கே பிஎச்பி கோப்பு ஏதாவது கிடைத்தால் திறந்து பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லாத காவல் கோப்பைச் சில பிளகின்கள் வைப்பதுண்டு, அது பரவாயில்லை. படிக்கவே முடியாத நீண்ட எழுத்துச் சரம் இருந்தால் அது கிட்டத்தட்ட நிச்சயமாகக் கெட்ட செய்தி. நிர்வாகிகள் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டளை வரி கிடைக்கிற சர்வர் என்றால், டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கருவி உங்கள் மையநிரல் கோப்புகளை வேர்ட்பிரஸ் வெளியிட்ட அசலோடு ஒப்பிட்டு, மாறியிருப்பதைச் சொல்லிவிடும்.

அடுத்தது பேக்கப். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்த் தளங்கள் விஷயமே தெரியாமல் இழப்பது இங்கேதான். வேர்ட்பிரஸ் தளம் இரண்டு பாகம்: கோப்புகள் ஒன்று, தரவுத்தளம் ஒன்று. கட்டுரைகள் முழுக்கத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பேக்கப் இருக்கிறது என்று நம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் எடுத்தாலும், வேறொரு இடத்தில் ஏற்றி, தளம் திறந்து, பழைய கட்டுரைகளைக் கண்ணால் படித்துப் பார்க்கும்வரை அதை பேக்கப் என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் மனதை உறுத்துகிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு தமிழ்ப் பத்திரிகைத் தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றினேன். அதன் தரவுத்தள அட்டவணைகள் ‘லத்தீன்-1’ (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துக் குறியீட்டு முறை) என்று குறிக்கப்பட்டிருந்தன. வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில் 5.7 வரை அதுதான் இயல்பான அமைப்பு, 8.0-இல்தான் யூடிஎஃப்8எம்பி4 (எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறைக்கு அங்கே உள்ள பெயர்) இயல்பாயிற்று. தமிழ்த் தளத்துக்கு லத்தீன் எதற்கு என்று நினைத்து, ஏற்றுமதி செய்த கோப்பில் அந்தச் சொல் இருந்த இடங்களை எல்லாம் யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி ஏற்றினேன். தளத்தைத் திறந்தால் ஒரு கட்டுரையிலும் தமிழ் இல்லை. மேலே சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்தும், வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து போட்ட வணிகக்குறியும் மாறி மாறிப் பக்கம் முழுக்க நிறைந்திருந்தன. பழைய சர்வர் உயிரோடு இருந்ததால் தப்பித்தோம்.

நடந்தது இதுதான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் (‘க’ ஒரு குறி; ‘கி’ என்பது ‘க’வும் இகரக் கொம்பும் சேர்ந்த இரண்டு குறி). அந்தப் பைட்டுகள் லத்தீன் என்று பெயர் எழுதிய பெட்டியில் அப்படியே கிடந்தன. வேர்ட்பிரஸும் அப்படியே எடுத்து, அப்படியே காட்டிக்கொண்டிருந்ததால் தளத்தில் தமிழ் சரியாகத் தெரிந்தது. ஏற்றுமதிக் கருவியோ பெட்டியின் பெயரை நம்பி, மூன்று பைட்டையும் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்துகளாக எண்ணி, ஒவ்வொன்றையும் இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டது.

உங்கள் தளத்தில் இந்தச் சிக்கல் இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். தரவுத்தளத்தை உலாவியிலேயே பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் கட்டுரைகள் இருக்கும் அட்டவணையைத் திறங்கள். அங்கேயும் தமிழ் தமிழாகத் தெரிந்தால் கவலை இல்லை. தளத்தில் சரியாகவும் அங்கே மட்டும் குப்பையாகவும் தெரிந்தால் உங்களுக்கும் அதே நிலைமைதான். அப்போது அட்டவணையை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றக் கூடாது. மாற்றினால் நான் செய்த தவறு அப்படியே நடக்கும். உரை இருக்கும் நெடுவரிசையை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, பிறகு அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4 உரை வகைக்கு மாற்ற வேண்டும். நடுவில் பைனரி ஆகும்போது மைஎஸ்கியூஎல் பைட்டுகளைத் தொடாது. அதனால் தமிழ் தப்பிக்கும். இதுவும் நகலில்தான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பிளகின்களும் தீம்களும் தங்கள் அமைப்புகளைத் தரவுத்தளத்தில் வைக்கும்போது, சொல்லுக்கு முன்னால் அது எத்தனை பைட் என்ற எண்ணையும் எழுதி வைக்கும். யாராவது அந்தச் சொல்லை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை விட்டுவிட்டால், வேர்ட்பிரஸ் அந்த அமைப்பையே படிக்காது. பக்கவாட்டுப் பட்டைகள் காணாமல் போவது, தீம் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்புவது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். நகல் தளத்துக்குப் புதிய முகவரி கொடுக்கும்போது ஏற்றுமதிக் கோப்பை ஒரு எடிட்டரில் திறந்து பழைய முகவரியைத் தேடி மாற்றுவது பலர் செய்யும் காரியம். வேண்டாம். டபிள்யூபி-சிஎல்ஐயில் இருக்கும் தேடி மாற்றும் கட்டளை அந்த எண்களையும் சேர்த்துத் திருத்தும்.

நகல் தயாரானதும் அதற்குக் கடவுச்சொல் போடுங்கள், தேடுபொறிகள் எடுத்துக்கொள்ளாதபடி செய்யுங்கள். மின்னஞ்சல் அனுப்புவதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். நகலிலும் உங்கள் சந்தாதாரர் பட்டியல் அப்படியே இருக்கிறது. சோதனைக்காக ஒரு கட்டுரையை வெளியிட்டால் அத்தனை பேருக்கும் கடிதம் போய்விடும்.

இப்போது ஏறும் வரிசை. மையநிரல், பிளகின்-தீம், பிஎச்பி ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. புதிய வேர்ட்பிரஸ் பழைய பிஎச்பியில் ஓடாது: 6.3-க்குக் குறைந்தது பிஎச்பி 7.0 வேண்டும், 6.6-க்கு 7.2.24. பழைய பிளகினோ புதிய பிஎச்பியில் ஓடாது. அதனால் இரண்டு கரைக்கும் பொதுவான ஒரு பாலம் தேட வேண்டும். உங்கள் விஷயத்தில் அது வேர்ட்பிரஸ் 6.2. பிஎச்பி 5.6-இல் ஓடும் கடைசிப் பெரிய பதிப்பு அது, பிஎச்பி 7.4-இலும் நன்றாக ஓடும். ஆகவே நகலில் பிஎச்பியைத் தொடாமல் முதலில் 6.2-க்குப் போங்கள். பிளகின்களையும் தீமையும் அங்கே புதுப்பியுங்கள். எல்லாம் நிலைத்த பிறகு பிஎச்பியை 7.4-க்கு மாற்றிப் பாருங்கள், அப்புறம் இப்போதைய வேர்ட்பிரஸ், கடைசியாகத்தான் பிஎச்பி 8-இன் நடப்புப் பதிப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றி வெள்ளைத் திரை வந்தால், எதனால் வந்தது என்று தேடுவதற்கே ஒரு நாள் போய்விடும். 7.4 இடையில் தங்கிப் போகும் இடம்தான். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன.

பிளகின் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, இது தளத்தில் என்ன செய்கிறது, கடைசியாக எப்போது புதுப்பித்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். என்ன செய்கிறது என்று சொல்ல முடியாத பிளகினை நகலில் நிறுத்திப் பாருங்கள், பலவற்றை நிறுத்தினாலும் ஒன்றும் மாறாது. எழுதியவரே கைவிட்ட பிளகினுக்கு மாற்று தேடியாக வேண்டும். சைட்பாரில் ஏதோ காட்டுகிற பிளகின் என்றால் மாற்று தேடுவது எளிது. ஆனால் கட்டுரைக்குள்ளேயே சதுர அடைப்புக்குறி போட்டுக் குறுங்குறியீடு எழுத வைத்த பிளகின் என்றால் யோசித்துச் செய்யுங்கள். அதை நிறுத்தினால் அந்தக் குறியீடுகள் 1,500 கட்டுரைகளிலும் வெறும் எழுத்தாக வெளியே தெரியும்.

தீம் இன்னும் நுட்பமானது. அமைத்துக் கொடுத்தவர் தீமின் கோப்புகளுக்குள்ளேயே திருத்தம் செய்திருக்க வாய்ப்பு அதிகம். தீமை அப்டேட் செய்தால் அந்தத் திருத்தங்கள் சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துவிடும். அதே தீமின் அதே பழைய பதிப்பு அசலாகக் கிடைத்தால் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசங்களைக் குழந்தைத் தீம் (மூலத் தீமைத் தொடாமல் அதன்மேல் திருத்தங்களை மட்டும் வைக்கும் சிறு தீம்) ஒன்றில் தனியாக எடுத்து வையுங்கள். வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து இலவசமாக வந்த தீம், பிளகின் என்றால் பழைய பதிப்புகள் அங்கேயே கிடைக்கும். விலைக்கு வாங்கியது என்றால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது பழைய நபரின் கணக்கில் இருந்தால், பெரும்பாலும் புதிதாக வாங்குவதுதான் வழி.

எங்கே உடையும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லலாம். பிஎச்பி 7.0 வந்தபோது பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகளை அடியோடு எடுத்துவிட்டார்கள். அவற்றை நேரடியாகக் கூப்பிடும் பிளகின் அங்கேயே விழும். பழைய விட்ஜெட் நிரல்களில் அடிக்கடி வரும் ‘கிரியேட்-ஃபங்ஷன்’ 8.0-இல் போய்விட்டது. இப்படி விழுபவை கண்ணுக்குத் தெரியும், பிழைப் பதிவில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். எனக்குக் கவலை தருபவை சத்தமில்லாமல் மாறுபவைதான். பூஜ்யத்தையும் எழுத்தாலான ஒரு சொல்லையும் ஒப்பிட்டால் பழைய பிஎச்பி இரண்டும் சமம் என்று சொல்லும். பிஎச்பி 8 சமமில்லை என்று சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் அந்த ஒப்பீட்டை நம்பி எழுதிய படிவமோ வடிகட்டியோ வேறு முடிவைக் கொடுக்கும். ஆகவே பக்கங்கள் திறக்கின்றனவா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடுங்கள், பின்னூட்டம் போடுங்கள், படம் ஏற்றுங்கள். பக்கத்தில் நடக்கும் பிழைகளைக் காட்டும் உலாவியின் கன்சோலையும் திறந்து வையுங்கள். 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பு, பக்கத்தில் அசைவுகளை இயக்கும் ஜேக்வெரி என்ற நிரல் தொகுப்பின் பழைய பதிப்புக்கு முட்டுக் கொடுத்த நிரலை எடுத்துவிட்டது. அதன் பிறகு வந்த வேர்ட்பிரஸ் 5.6 ஜேக்வெரியையே 3.5.1-க்கு மாற்றியது. உங்கள் முகப்பில் நகரும் படங்கள் இருந்தால் அவை நின்றுபோக இதுதான் முதல் காரணமாக இருக்கும்.

வேர்ட்பிரஸ் 5.0-இல் வந்த, கட்டுரையைத் துண்டு துண்டாக எழுத வைக்கும் பிளாக் எடிட்டரைப் பற்றி உங்களைச் சிலர் பயமுறுத்தியிருப்பார்கள். பழைய கட்டுரைகளை அது தானாக மாற்றாது. ஒரே கிளாசிக் பிளாக்காக அப்படியே வைத்திருக்கும். எழுதுபவர்கள் பழைய முறையையே விரும்பினால் கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டுக்கொள்ளலாம்.

முகவரிகளை மட்டும் மறக்காதீர்கள். தமிழ்த் தலைப்பிலிருந்து முகவரி உண்டாகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘க’ ஒன்பது, ‘கி’ பதினெட்டு. வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடம்தான். அதனால் நீண்ட தலைப்புகளின் முகவரி நடுவிலேயே வெட்டுப்பட்டிருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று சரிசெய்யப் போகாதீர்கள். பத்து வருடமாக மற்றவர்கள் இணைப்புக் கொடுத்திருப்பது அந்த வெட்டுப்பட்ட முகவரிக்குத்தான். அப்டேட்டுக்கு முன் எல்லாக் கட்டுரை முகவரிகளையும் ஒரு பட்டியலாக எடுத்து வையுங்கள். முடிந்ததும் நகலில் ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று ஒரு சிறிய ஸ்கிரிப்ட் மூலம் ஓட்டிப் பாருங்கள். எத்தனை கட்டுரை என்ற எண்ணும் முன்னும் பின்னும் ஒத்துப்போக வேண்டும். “ஒன்றுகூடப் போகக் கூடாது” என்ற உங்கள் வரிக்கு என்னால் தர முடிந்த மிக நேரான உத்தரவாதம் இந்தப் பட்டியல்தான்.

உண்மைத் தளத்தில் செய்யும் நாள், நகலில் எழுதி வைத்த படிகளின் மறு ஓட்டமாக இருந்தால் போதும். அன்று புதிய கட்டுரை வேண்டாம், பின்னூட்டங்களையும் மூடி வையுங்கள். புதிய பேக்கப் எடுங்கள். சர்வரே மாறுகிறது என்றால் டிஎன்எஸ்ஸின் (தளத்தின் பெயர் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்ற பதிவு) டிடிஎல் மதிப்பை, அதாவது அந்தப் பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவை, முந்தின நாளே 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள், திரும்ப வேண்டியிருந்தால் விரைவாகத் திரும்பலாம். அப்டேட் நடுவில் அறுந்து “பராமரிப்பில் இருக்கிறது” என்ற செய்தியோடு தளம் நின்றால் பதற வேண்டாம். தளத்தின் மூலக் கோப்புறையில் ‘மெயின்டனன்ஸ்’ என்ற பெயரோடு, புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பு இருக்கும். அதை நீக்கினால் செய்தி போய்விடும். ஆனால் அறுந்த அப்டேட் அரைகுறையாகத்தான் இருக்கும், திரும்ப ஓட்ட வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: நான் சொன்ன தாவல் வேர்ட்பிரஸுக்கு மட்டும். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மென்பொருளான ஜூம்லா 3-இல் இருப்பவர்கள் 3.10-இல் ஏறி, அங்கிருந்து 4, பிறகு 5 என்றுதான் போக வேண்டும். ட்ரூபல் 7-இல் இருந்து மேலே போவது அப்டேட்டே இல்லை. புதிய தளம் ஒன்றைக் கட்டி, உள்ளடக்கத்தை அங்கே குடிபெயர்க்க வேண்டும். ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

உங்கள் தளத்தைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாதவையும் உண்டு. எத்தனை நாள் ஆகும் என்பது அதில் முதலாவது. அது முழுக்க அந்தத் தீமைப் பொறுத்தது. நகலில் இரண்டு மூன்று நாள் போராடியும் தீம் பிஎச்பி 7.4-ஐத் தாண்டவில்லை என்றால், அதைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, இப்போது பராமரிக்கப்படும் எளிய தீம் ஒன்றுக்கு மாறுங்கள் என்பது என் கருத்து. தோற்றம் மாறும், வாசகர்கள் சில நாள் கேட்பார்கள். கட்டுரைகள் அப்படியே இருக்கும். தளத்துக்குள் ஆள் புகுந்த தடயம் கிடைத்திருந்தாலும் இதையேதான் சொல்வேன்: புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸ், புதிதாக இறக்கிய பிளகின்கள், பழைய தளத்திலிருந்து தரவுத்தளமும் படங்களும் மட்டும், அவற்றையும் சோதித்த பிறகு. கடவுச்சொற்கள் அனைத்தும் மாற வேண்டும், தரவுத்தளத்துடையதும் சேர்த்து.

ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த கெடு நெருக்கமாக இருந்தால் இன்றே கேட்டுப் பாருங்கள், பழைய பிஎச்பியை இன்னும் ஒரு மாதம் உங்கள் கணக்கில் வைத்திருக்க முடியுமா என்று. பல நிறுவனங்கள் கேட்டால் செய்கின்றன. முடியாது என்றாலும் நகலை உங்கள் சொந்தக் கணினியிலேயே பிஎச்பி 5.6 போட்டு ஓட்ட முடியும், வேலை நிற்காது. மாற்றிய பிறகு பழைய பேக்கப்பை ஆறு மாதமாவது அழிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தினமும் பிழைப் பதிவையும், கிடைக்கவில்லை என்று 404 கொடுத்த முகவரிகளையும் பாருங்கள். விடுபட்ட படமோ வெட்டுப்பட்ட முகவரியோ இருந்தால் அங்கேதான் தெரியும். பிஎச்பிமைஅட்மினில் தமிழ் எப்படித் தெரிந்தது என்று மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அடுத்த படி அதைப் பொறுத்துத்தான்.